ஒரு பானைச் சோறும் புள்ளியியலும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அன்னை ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தே பானைச் சோறு முழுவதும் வெந்ததை அறிகிறாள். எனினும், அவள் அதற்கு முன்னரே சோற்றைத் துடுப்பால் நன்கு கிளறிவிட்டிருக்கிறாள். அரிசியும் ஒரே வகை, அடுப்பும் ஒன்றே. ஆதலின், ஒரு பருக்கை பானைக்கெல்லாம் சான்றாகிறது. கிளறாத பானைக்கு இப்பழமொழி பொருந்துமா? சிறு கூற்றைக் கண்டு முழுமையைப் பற்றி எவ்வளவு துணிந்து கூறலாம்? இவ்வினாக்களுக்கு விடை காணும் கல்வியே கணிதப் புள்ளியியல்.

இதனை விளக்கக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது இம்மாவட்டம். இதன் மேற்கே கல்வராயன் மலை ஓங்கி நிற்கிறது. மலையடிவாரத்துச் சமவெளியில் கோமுகி அணையின் நீர் பாயும் வயல்கள் உள்ளன. மலைமேல் வாழும் உழவரோ பெரிதும் மழையை நம்பிப் பயிரிடுகின்றனர். நெல் ஒன்றேயாயினும் இரண்டிடத்தும் ஒரே அளவாக விளைவதில்லை. விளைச்சலைப் பொறுத்தவரையில் இம்மாவட்டம் ஒரு கிளறாத பானை.

எல்லா வயல்களின் விளைச்சலையும் நிறுத்துப் பார்த்தல் இயலாது. ஆகவே, சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள துண்டு நிலத்தை மட்டும் அளந்து அறுத்து நிறுக்கின்றனர். இதுவே பயிர் அறுவடைப் பரிசோதனை. ஓர் எக்டேரில் இத்தகைய துண்டுகள் 400 அடங்கும். துண்டொன்றில் 12 கிலோ நெல் கிடைத்தால் எக்டேருக்கு 4,800 கிலோ எனக் கொள்வர். துண்டில் அரைக் கிலோ பிழை நேரினும், எக்டேர்க் கணக்கில் அது 200 கிலோவாகப் பெருகிவிடும். 2016ஆம் ஆண்டு தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீட்டை உறுதிசெய்ய இப்பரிசோதனை பயன்படுகிறது. ஆகவே, கணக்குப் பிழைத்தால் உழவன் வாழ்வும் பிழைபடும்.

எளிதிற் சென்றடையக்கூடிய சாலையோர வயல்களை மட்டும் எடுத்தால் மலை உழவனின் இழப்பு மறைந்துபோகும். அத்தகைய வயல்களை ஆயிரமாகப் பெருக்கினும் அப்பிழை நீங்காது. எனவே, எந்த வயல் என்பதை மனிதனின் விருப்பத்திற்கு விடாமல், சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தேர்ந்தெடுத்தல் வேண்டும். மலை வயல்களையும் சமவெளி வயல்களையும் தனித்தனித் தொகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் கூறு எடுத்தல் மேலும் சிறப்புடையது. இதனைப் படுகைமுறைக் கூறெடுப்பு என்பர். முறையாக எடுத்த கூறிலும் ஓரளவு பிழை இருக்கும். அதனைப் பாதியாகக் குறைக்க வேண்டின், வயல்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டும்.

இம்முடிவுகளுக்கெல்லாம் காரணம் காட்டுவதே மூன்றாண்டு இளநிலைப் பட்டப் படிப்பு. பள்ளியில் கற்ற கணிதமே இதற்கு அடிப்படை. நிகழ்தகவு, நுண்கணிதம், அணிகள் ஆகியவற்றைக் கற்று, பின்னர் மதிப்பீட்டுக் கொள்கை, கருதுகோள் சோதனை, சோதனை அமைப்பு முதலியவற்றை மாணவர் பயில்வர். சென்னை மாநிலக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி போன்றவற்றில் இப்படிப்பு உண்டு.

நம் நாடு இத்துறையில் பின்தங்கியதன்று. மகலனோபிசு 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற சி. ஆர். ராவ் என்னும் இளைஞர், வேலை தேடிக் கல்கத்தா சென்றவிடத்தில் இந்நிறுவனத்தைப் பற்றி அறிந்து, 1941இல் அங்குச் சேர்ந்தார். ஒருபக்கம் சாயாத மதிப்பீடு எத்துணைச் சிறந்ததாயினும், அதன் சிதறல் ஓர் எல்லைக்குக் கீழே குறையாது என்பதை 1945இல் அவர் நிறுவினார். உலகப் புள்ளியியற் பரிசு 2023ஆம் ஆண்டு, அவரது 102ஆம் வயதில், அவரைத் தேடி வந்தது.

மாணவர்களே! தன் பிழையின் அளவைத் தானே கணித்துக் கூறும் நேர்மை இக்கல்விக்கு உண்டு. நீங்கள் இதனைப் பயின்றால், சாலைக்கு அப்பால், மலைமேல் உள்ள சிறு வயலையும் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள்.