எட்டுப் பெண்கள், ஒரு பூட்டிய கதவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்பில் படத்தின் முடிவு வருகிறது. துப்பறியும் படத்தின் முடிவை எழுதுவது பாவம் என்று நினைப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவைத் தொடாமல் இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

படம் பிரான்சுவா ஓசோன் இயக்கி 2002-இல் வந்த 'எட்டுப் பெண்கள்'. கொலை இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, எட்டுப் பாட்டு இருக்கிறது. முதல் தடவை நண்பர்களோடு பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். "செம ஜாலியான படம்" என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். சில வருஷம் கழித்து அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வசனங்களை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். படம் முடிந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எல்லாரும் இவ்வளவு பேசறாங்களே, அந்த ஆளு என்னடா பேசினான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மூன்றாம் முறை பார்த்தேன். இந்தக் குறிப்பு அதன் விளைவு.

கதை

1950-கள். பிரான்ஸில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பெரிய வீடு. கிறிஸ்துமஸ் நேரம், வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. வீட்டுத் தலைவன் மார்செல் முதுகில் கத்தியோடு படுக்கையில் கிடக்கிறான். வேலைக்காரி லூயிஸ் பார்த்துவிட்டு அலறுகிறாள். இளைய மகள் கத்ரீன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்கிறாள். போன் கம்பி அறுந்திருக்கிறது. கார் கிளம்பவில்லை. இரவில் நாய்கள் குரைக்கவில்லை. அப்படியென்றால் கொலையாளி வெளியாள் இல்லை.

வீட்டில் இருப்பவர்கள்: மனைவி கேபி, இங்கிலாந்தில் படித்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திறங்கிய மூத்த மகள் சூசோன், இளையவள் கத்ரீன், சக்கர நாற்காலியில் மாமியார், கேபியின் திருமணமாகாத தங்கை ஒகுஸ்தீன், சமையல்காரி ஷனெல், புது வேலைக்காரி லூயிஸ். கொஞ்ச நேரத்தில் மார்செலின் தங்கை பியெரெத்தும் வந்து சேர்கிறாள். (பாட்டியை எல்லோரும் 'மாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிரெஞ்சில் அது பாட்டியைக் குறிக்கும் செல்லப்பெயர். நம் காதுக்கு முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் குழப்பும்.)

போலீஸ் கடைசிவரை வருவதில்லை. இதுதான் முதல் விசேஷம். வழக்கமான துப்பறியும் கதையில் வெளியிலிருந்து ஒரு மூளைக்காரர் வந்து எல்லோரையும் விசாரிப்பார். இங்கே ஆளாளுக்கு மற்றவரை விசாரிக்கிறார்கள். சூசோன் ஆரம்பித்து வைக்கிறாள், அப்புறம் அவளே மாட்டிக்கொள்கிறாள். எட்டுப் பேரும் சந்தேகத்துக்குரியவர்கள், எட்டுப் பேரும் துப்பறிபவர்கள்.

எங்கிருந்து வந்தது

ஜார்ஜ் கியூக்கர் 1939-இல் எடுத்த 'தி விமன்' ஹாலிவுட் படத்தில் ஓர் ஆண் முகம்கூடக் கிடையாது. அதைத்தான் ஓசோன் மறுபடி எடுக்க நினைத்தார். உரிமை ஹாலிவுட் கையில் இருந்ததால் முடியவில்லை. அப்போதுதான் ராபர்ட் தொமாஸ் 1958-இல் எழுதிய 'எட்டுப் பெண்கள்' என்ற மேடை நாடகம் அவருக்குக் கிடைத்தது. அதை மரினா த வானோடு சேர்ந்து திரைக்கதை ஆக்கினார்.

அதன் மேடைத்தன்மையை அவர் மறைக்கவே இல்லை. கிட்டத்தட்ட முழுப்படமும் ஒரே கூடத்தில், ஒரு மாடிப்படியைச் சுற்றி நடக்கிறது. பெயர்கள் வரும்போது ஒவ்வொரு நடிகைக்கும் ஒரு பூ. வெளியே தெரியும் பனி, செட் பனி என்று பார்த்தாலே தெரியும். டக்ளஸ் சிர்க் 1950-களில் எடுத்த அமெரிக்கக் குடும்ப மெலோடிராமாக்களின் பளபளப்பான வண்ணம் படம் முழுக்க. சூசோன் ரோஜா நிறம், கத்ரீன் பச்சை, பியெரெத் சிவப்பு என்று தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

'கேம்ப்' என்றால் என்ன

இந்த மாதிரிப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'கேம்ப்' என்ற சொல்லைத் தவறாமல் போடுவார்கள். சூசன் சொன்டாக் 1964-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது விமர்சனச் சொல்லாகவே ஆகிவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், மிகையை மிகை என்று தெரிந்தே ரசிப்பது. செயற்கையை மறைக்காமல் அதையே அழகாக்குவது. கையைத் தூக்கிக் கண்ணை உருட்டி, தேவைக்கு மேல் ஒரு பங்கு கூடுதலாக நடிப்பது.

இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிண்டல் செய்கிறவன் தள்ளி நின்று சிரிப்பான். கேம்ப் ரசிகனோ தான் சிரிக்கிற பொருளை உண்மையிலேயே நேசிப்பான். ஓசோனுக்கு இந்த நடிகைகள் மேல் இருப்பது அந்த நேசம்தான். ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு நெருடலும் இருந்தது. பொய், பேராசை, கள்ளக்காதல், விஷம் என்று எட்டுப் பெண்களையும் காட்டிவிட்டு ஓர் ஆணைப் பலியாடாக நிறுத்தினால், அது பெண்களைப் பார்த்துச் சிரிக்கிற படம்தானே? இந்தக் குற்றச்சாட்டைச் சும்மா தள்ளிவிட முடியாது. பதில் பாடல்களில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

எட்டுப் பாட்டு

திடீரென்று பாட்டு வந்தால் நமக்கு ஒன்றும் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்தப் பாட்டுகள் படத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் வானொலியில் கேட்டு வளர்ந்த பழைய பாட்டுகள். கதை நடப்பது 1950-களில். ஷெய்லாவின் பாட்டு 1963, மரி லஃபோரே 1967, தலிதா 1972, ஃபிரான்சுவாஸ் ஆர்தி 1973. லூயிஸ் பாடுவதோ 1980-களின் டிஸ்கோ கால மெட்டு. காலம் ஒத்துப்போக வேண்டும் என்ற கவலையே ஓசோனுக்கு இல்லை.

பாடல்களின் வேலை எனக்கு இரண்டாம் முறைதான் புரிந்தது. துப்பறியும் கதையில் பேச்சு எல்லாமே வாக்குமூலம். வாக்குமூலம் என்றால் பொய் சொல்ல வாய்ப்புள்ள இடம். "நேத்து ராத்திரி எங்கே இருந்தே?" என்று கேட்டால் ஒவ்வொருத்தியும் பாதி மறைத்துச் சொல்கிறாள். பாட்டில் யாரும் அவளிடம் கேள்வி கேட்பதில்லை. அங்கே அவளுக்கு மறைக்க எதுவும் இல்லை. எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு தனிப்பாட்டு, அதாவது பொய் சொல்லாமல் இருக்க ஆளுக்கு மூன்று நிமிஷம்.

ஒகுஸ்தீனைப் பாருங்கள். எப்போதும் சிடுசிடு. அக்கா வீட்டுச் சோறு தின்கிறோம் என்ற அவமானம் தொண்டையிலேயே நிற்கிறது. மற்றவர்களைக் குத்துவதுதான் அவளுக்கு ஒரே பொழுதுபோக்கு. இசபெல் யூப்பர் முதல் காட்சியிலிருந்து அவளைக் கேலிச்சித்திரமாகவே நடிக்கிறார். பிறகு ஆர்தியின் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பிக்கிறார். காதலைச் சொல்லவும் தைரியம் இல்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை என்கிற பாட்டு. கேலிச்சித்திரம் அங்கேயே நிற்க, அதற்குள்ளிருந்து ஒரு மனுஷி வெளியே வருகிறாள். பாட்டு முடிந்ததும் மறுபடி சிடுசிடு. யாரும் எதையும் கேட்காத மாதிரியே பேச்சு தொடர்கிறது.

ஷனெலின் பாட்டு இன்னும் கனமானது. தனிமைக்குப் பயந்து மனிதர்கள் என்னென்ன துணையைத் தேடிக்கொள்கிறார்கள் என்று தலிதா பாடிய பாட்டு. சமையல்காரி ஷனெலாக நடிப்பவர் குவாதெலூப்பில் பிறந்த ஃபிர்மீன் ரிஷார். வீட்டில் ஒரே கறுப்பினப் பெண். "நம்ம குடும்பத்துல ஒருத்தி மாதிரி" என்றே வைத்திருக்கிறார்கள், அவளும் பியெரெத்தும் தோட்டத்து வேட்டைக்குடிலில் சந்திக்கிற விஷயம் வெளியே வரும்வரை. வந்த கணமே அந்த 'குடும்பம்' காணாமல் போகிறது. பிறகு உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்ல வரும்போது அவளை நோக்கி ஒரு குண்டு பாய்கிறது. குண்டு படவில்லை, ஆனால் அதிர்ச்சியில் பேச்சு போய்விடுகிறது. உண்மை தெரிந்த ஒரே ஆள் ஊமையாகிவிடுகிறாள். திருப்பத்துக்கான தந்திரம் என்று முதலில் சிரித்தேன். அந்த வீட்டில் அவள் இடம் என்ன என்று யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

நடிகைகள் கொண்டுவந்த பழங்கணக்கு

பிரெஞ்சு ரசிகர்களுக்கு இதில் இன்னொரு தளமும் உண்டு. கேபியாக வரும் கத்ரீன் தெனவும் பாட்டியாக வரும் தானியெல் தாரியூவும் ழாக் தெமியின் 1967 படமான 'ரோஷ்ஃபோர் நகரத்து இளம்பெண்கள்' படத்திலேயே மகளும் அம்மாவுமாக நடித்தவர்கள். அந்தப் படத்தில் தெனவுக்குப் பாட இன்னொருவர் குரல் கொடுத்தார், தாரியூ தானே பாடினார். இந்தப் படத்தில் எட்டுப் பேரும் சொந்தக் குரல். சில குரல்கள் நடுங்குகின்றன, சுருதி லேசாக நழுவுகிறது. படத்துக்கு அதுதான் தேவை.

தெனவும் பியெரெத்தாக வரும் ஃபனி ஆர்தானும் கட்டிப் புரண்டு சண்டை போட்டு, சண்டை முத்தமாக முடிகிற காட்சி ஒன்று இருக்கிறது. இருவருமே இயக்குநர் த்ரூஃபோவின் நாயகிகள், அவர் வாழ்க்கையிலும் வெவ்வேறு காலத்தில் இடம்பெற்றவர்கள். லூயிஸ் தன் பழைய எஜமானி என்று வைத்திருக்கும் புகைப்படத்தில் இருப்பது மறைந்த நடிகை ரோமி ஷ்னைடர். இதெல்லாம் தெரியாமலும் படம் புரியும். தெரிந்தால், இது பிரெஞ்சு சினிமாவின் குடும்ப ஆல்பம் என்பதும் புரியும்.

பெர்லின் விழாவில் எட்டு நடிகைகளுக்கும் சேர்த்தே வெள்ளிக் கரடி கொடுத்தார்கள். ஒருத்தியை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் தப்பாகியிருக்கும். பிரான்ஸின் சேசார் விருதுக்கு 12 பரிந்துரை வாங்கிவிட்டு ஒன்றுகூட ஜெயிக்காமல் திரும்பியதும் இதே படம்தான்.

கதவுக்குப் பின்னால்

இப்போது முடிவு. கொலையே நடக்கவில்லை. மார்செலும் கத்ரீனும் சேர்ந்து போட்ட நாடகம் அது. முந்தின இரவு வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அப்பாவின் அறைக்கு வந்து போனதைப் பார்த்த மகள், இவர்களின் உண்மை முகத்தை அப்பாவுக்குக் காட்ட நினைக்கிறாள். அவனும் ஒப்புக்கொள்கிறான். செத்தவனாகப் பூட்டிய அறைக்குள் இருந்தபடி நாள் முழுக்க எல்லாவற்றையும் கேட்கிறான். மனைவி ஓடிப்போகத் திட்டமிட்டிருந்தது, அவளுடைய காதலனே தன் கூட்டாளி என்பது, மூத்த மகள் தனக்குப் பிறந்தவள் இல்லை என்பது, மாமியார் பங்குப் பத்திரங்களை ஒளித்துவைத்தது. எல்லாம் காதில் விழுகிறது.

கத்ரீன் வெற்றியோடு இதைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கிறாள். இனி அப்பாவும் தானும் மட்டும் நிம்மதியாக இருக்கலாம் என்பது அவள் கணக்கு. மார்செல் அவள் கண்ணெதிரே தலையில் சுட்டுக்கொள்கிறான். வீட்டில் அன்றைக்கு நடந்த ஒரே நிஜமான சாவு அது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆள் என்ன பேசினான்? ஒன்றுமே பேசவில்லை. அவன் முகத்தைக்கூடப் படம் நமக்குக் காட்டுவதில்லை. அவன் செய்ததெல்லாம் கேட்டதுதான், அதுவும் ஒளிந்திருந்து. இது என் வாசிப்பு மட்டுமே: அவன் வாக்குமூலங்களைக் கேட்டான், பாட்டுகளைக் கேட்கவில்லை. பாட்டு கதைக்கு வெளியே, நமக்கும் அவர்களுக்கும் நடுவே நடக்கிற விஷயம். கதவுக்குப் பின்னால் இருந்தவனுக்கு எட்டுப் பேரின் குற்றப்பட்டியல் மட்டும் கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த நமக்கு, அந்தக் குற்றங்களுக்கு அடியில் இருந்த பயமும் ஏக்கமும் சேர்ந்தே கிடைத்தன. அவனுக்குக் கிடைத்ததும் உண்மைதான். பாதி உண்மை. அது அவனைக் கொன்றுவிட்டது.

அதனால்தான் இந்தப் படம் பெண்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்று இனிமேல் என்னால் சொல்ல முடியவில்லை. 'உண்மை முகத்தைக் காட்டுகிறேன்' என்று கிளம்புகிற ஆசையைப் பார்த்துத்தான் அது சிரிக்கிறது. அந்த ஆசை எனக்கும் உண்டு. நெருக்கமானவர்கள் நாம் இல்லாதபோது நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஒரு தடவையாவது ஒட்டுக்கேட்க நினைக்காதவர் யார்?

கடைசிப் பாட்டு பாட்டியுடையது. லூயி அரகோன் போர்க்காலத்தில் எழுதிய கவிதைக்கு ஜார்ஜ் பிராசன்ஸ் போட்ட மெட்டு. துயரமில்லாத காதல் எங்கே இருக்கிறது என்று கேட்கிற பாட்டு. தாரியூவின் வயதான குரல் அவசரமில்லாமல் பாடுகிறது. நாள் முழுக்க ஒருவரையொருவர் கடித்துக் குதறிய பெண்கள் ஜோடி சேர்ந்து மெதுவாக ஆடுகிறார்கள். பிறகு எட்டுப் பேரும் வரிசையாக நின்று, கைகோத்து, நம்மைப் பார்க்கிறார்கள். நாடகம் முடிந்ததும் மேடையில் நிற்பது மாதிரி.

முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் கை தட்டினோம். அம்மாவோடு பார்த்தபோது யாரும் தட்டவில்லை. அம்மா எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, "அந்தச் சின்னப் பொண்ணு இனிமே என்ன பண்ணும், பாவம்" என்றாள். துப்பறியும் படம் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டிய சரியான கேள்வி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.