பயற்றுவண்டும் மரபுக் குறியும்

பாசிப்பயற்றை வெயிலில் உலர்த்தி, வேப்பிலை சேர்த்துப் பானையில் மூடிவைத்தாலும், சில திங்கள் கழித்துத் திறக்குங்கால் மணிதோறும் வட்டத் துளைகள் தோன்றக் காண்கின்றோம். வண்டு காயின்மீதோ மணியின்மீதோ முட்டையிடும். புழு மணியினுள் துளைத்துப் புகுந்து, உள்ளீட்டை உண்டு, வண்டாகி வெளியேறும். விதைக்கென வைத்ததும் இங்ஙனம் கெடுகின்றது.

இவ்வண்டிற்கு இடங்கொடாத பயறு உண்டோ எனின், உண்டு. மடகாஸ்கர் தீவிற் கிடைத்த, டி.சி. 1966 என்னும் காட்டுப்பயற்றில் புழு வளர இயலாது மடியும். இக்காப்புக் குணம் பெரும்பாலும் ஒரே மரபணுவினால் வருவது. அங்ஙனமாயின் அதனை நாட்டுப்பயற்றொடு கலப்பித்தல் போதாதோ? போதாது. காட்டுச்செடி நற்குணத்தைத் தனியே ஈவதில்லை. சிறிய மணி, முற்றியவுடன் வெடித்துச் சிதறும் காய் முதலியவற்றையும் உடன் அனுப்பிவைக்கும். விருந்திற்கு ஒருவரை அழைக்க, அவர் சுற்றமெல்லாம் வந்து நிற்பதுபோலும்! ஆதலின் கலப்பினை மீண்டும் மீண்டும் நாட்டுப்பயற்றொடு சேர்த்து, தலைமுறைதோறும் காப்புக் குணம் தங்கிய செடியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். செடி வளர்ந்து காய்த்து, அதன் மணியில் வண்டுகளை விட்டுப் பல வாரம் காத்திருந்தாலன்றி அதனை அறிதல் முன்பு இயலாதிருந்தது.

இக்காத்திருப்பைக் குறைப்பதே மரபுக் குறி. குறி என்பது அம்மரபணுவன்று. குரோமோசோமில் அதன் அண்டையிலுள்ளதும், பெற்றோர் இருவரிடத்தும் வேறுபட்டிருப்பதுமான டி.என்.ஏ. அடையாளமாம். நாற்றின் ஓரிலையைக் கொண்டே அதனைச் சோதிக்கலாம். காட்டுப்பயற்றின் குறி காணப்படின், அண்டையிலுள்ள மரபணுவும் உடன் வந்திருக்குமென்று கொள்கின்றோம்.

எனினும் பாலணுக்கள் உண்டாங்கால் இணைக் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அப்போது அண்டையில் இருந்தவை பிரிதலும் உண்டு. 1992-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட வரைபடத்தில், காப்பு மரபணுவிற்கு மிக அணித்தான குறி 3.6 சென்டிமார்கன் தொலைவில் இருந்தது. அஃதாவது, நூறு பாலணுக்களுள் ஏறக்குறைய மூன்று நான்கில் குறி ஒருவழியும் மரபணு வேறுவழியும் செல்லும். ஆதலின் ஒற்றைக் குறியை நம்புதல் தகாதென்பது நம் கருத்து. மரபணுவின் இருமருங்கும் ஒவ்வொரு குறி கொண்டு, இரண்டும் உடைய நாற்றையே ஏற்பின் பிழை மிகக் குறையும். 2014-இல் பாசிப்பயற்றின் மரபுத்தொகுதி வெளியிடப்பெற்றமையால், இன்னும் நெருங்கிய குறிகளைத் தேடுதல் எளிதாயிற்று.

புழுவைக் கொல்லும் பொருள் உண்போர்க்குத் தீங்கு செய்யாதா என்பதனைக் குறி கூறாது; அது தனியே ஆராயற்பாலது. குறியால் தெரிந்தெடுத்த செடியின் மணிகளையும் முடிவில் வண்டுகளோடு குப்பியில் அடைத்துப் பார்த்தே உறுதிசெய்தல் வேண்டும்.