மலையேறும் டீசல் காரும் இழந்த காற்றும்

கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் பயணம் செய்தோர் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து செல்லும் அப்பாதையில் பழைய டீசல் கார் ஒன்று முக்கி முனகி ஏறுகிறது. வளைவுக்கு வளைவு அதன் வேகம் தளர்கிறது. பின்னால் கரும்புகை எழுந்து, கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்களின் முகத்தில் படிகிறது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சாரதி நொந்துகொள்கிறார். ஆயினும் அதே வண்டி மறுநாள் கொழும்பு வீதியில் குறையேதுமின்றி ஓடுகிறது. அப்படியாயின் குறை வண்டியில் மட்டும் இல்லை. மலையின் காற்றிலும் இருக்கிறது.

கடல் மட்டத்தில் வளிமண்டலம் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறத்தாழ 14.7 இறாத்தல் அமுக்கத்தைச் செலுத்துகிறது. 6,100 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 12 இறாத்தலுக்கும் குறைவு. மலையின் குளிர் காற்றைச் சிறிது செறிவாக்கினாலும், இயந்திரம் ஒவ்வொரு முறையும் உள்ளிழுக்கும் காற்றில் ஆறில் ஒரு பங்கு குறைந்தே போகிறது. பழைய காரின் எரிபொருட் பம்பு பெரும்பாலும் இதனை அறியாது. சமவெளியில் எவ்வளவு டீசலைச் செலுத்தியதோ அவ்வளவையே மலையிலும் செலுத்துகிறது. எரிவதற்குப் போதிய ஒட்சிசன் இல்லாத டீசல் கரியாகிக் கரும்புகையாக வெளியேறுகிறது. விலை கொடுத்து வாங்கிய எரிபொருளின் ஒரு பகுதி இவ்வாறு பாதையோரத்திற் போய்ச் சேருகிறது.

இக்குறைக்கு மருந்து காண முயன்றவர்களுள் முதன்மையானவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி ஆவார். வீணாக வெளியேறும் புகைவாயுவைக் கொண்டே ஒரு சுழலியைச் சுற்றி, அச்சுழலியால் இயந்திரத்துக்குக் காற்றை அமுக்கி ஊட்டலாம் என்ற கருத்துக்கு அவர் 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கரான சான்ஃபோர்ட் மொஸ், விமான இயந்திரம் ஒன்றை 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் மலையுச்சிக்குக் கொண்டுசென்று சோதித்தார். மலையில் இழந்த வலுவை இந்தச் சுழலி மீட்டுத் தந்தது. அதுவே இன்று டர்போசார்ஜர் எனப்படுகிறது. நமது மலைநாட்டு இருப்புப் பாதையும் இதற்குப் புறம்பானதன்று. 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம் 2 வகை டீசல் இயந்திரங்கள், தம் சொந்த வலுவால் சுழலும் ஊதியின் துணையோடு மூச்சுவிட்டன. 1975இல் அதே நாட்டிலிருந்து வந்த எம் 4 வகை, டர்போசார்ஜரோடு வந்தது. டீசல் பயணிகள் காரில் இக்கருவியைப் பொருத்தி முதன்முதலில் விற்பனைக்கு விட்டது மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம்; அது 1978ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

கருவியின் அமைப்பு எளிது. ஓர் அச்சின் இரு முனைகளிலும் இரு சிறு சில்லுகள். ஒன்றைப் புகைவாயு சுழற்றுகிறது. மற்றது காற்றை இழுத்து அமுக்கி இயந்திரத்துக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுகளையும் கடந்து சுழலும் அந்த அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான்.

சாதாரண டர்போசார்ஜருக்கு ஒரு குறை உண்டு. வண்டி விரைந்தோடும்போது புகைவாயு மிகுதியாக வந்து சில்லைச் சுழற்றும். கொண்டையூசி வளைவில் வேகம் தளர்ந்ததும் வாயு குறைந்து, சில்லும் சோர்ந்துவிடும். மலைப்பாதையில் உதவி மிகுதியாக வேண்டியிருப்பதோ அவ்விடத்தில்தான்.

இந்தக் குறையைத் தீர்க்கவே மாறு வடிவ டர்போசார்ஜர் தோன்றியது. தோட்டத்துப் பீலியில் நீர் மெலிந்து விழும்போது அதன் வாயைக் கையால் குறுக்கிப் பிடித்தால், அதே நீர் வேகங்கொண்டு பாய்வதைச் சிறுவரும் அறிவர். இங்கும் அதுவே நடைபெறுகிறது. சில்லைச் சுற்றி வளையமாக அமைந்த சிறு தகடுகள், வாயு குறைவாக இருக்கையில் நெருங்கி வழியைக் குறுக்குகின்றன; மிகுதியாக இருக்கையில் விரிந்து வழிவிடுகின்றன. கொத்மலை நிலத்தடி மின்நிலையத்தின் நீர்ச் சுழலிகளிலும் நீரின் வரவை ஆள்பவை இவ்வாறு திரும்பும் தகடுகளே.

இதனைப் பழைய காரில் பொருத்தலாமா என்னும் வினா இலங்கையில் வெறும் ஆர்வத்தால் எழுந்ததன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் இடமளிக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் பழைய வண்டியைப் பேணி ஓட்டுவதன்றி வேறு வழியற்றோர் பலர். புது வண்டியின் விலை இன்றும் பலருக்கு எட்டாதது.

பொருத்தலாம், ஆனால் அளவறிந்து பொருத்த வேண்டும். அந்த அளவை மலையே சொல்லிவிடுகிறது. நுவரெலியாவில் இழந்த அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 இறாத்தல். அமுக்கிய காற்று சற்றுச் சூடேறும் என்பதையும் கருதி, அதற்குச் சிறிது மேலாக ஊட்டினால் இயந்திரம் தன் இயல்பான நிலைக்குத் திரும்பிவிடும். டீசலின் அளவைக் கூட்ட வேண்டுவதில்லை. ஏற்கெனவே செல்லும் டீசல் முழுமையாக எரிந்தாற் போதும். புகை குறையும், வலு மீளும். சமவெளிக்கு இறங்கிய பின் காற்று சிறிது மிகுந்தாலும் டீசல் இயந்திரத்துக்கு அதனால் கேடில்லை.

கேடு வருவது ஆசையினால். கூடுதலான குதிரைவலு வேண்டிப் பம்பின் திருகைத் திருப்பி டீசலைப் பெருக்குவோர் உண்டு. டர்போசார்ஜர் இல்லாத இயந்திரமாகப் பிறந்த ஒன்றின் பிஸ்டனும் தலைக் கசிவுத் தடையும் அந்த வெப்பத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆதலால் புகைவாயுவின் வெப்பத்தைக் காட்டும் மானியும் ஊட்டமுக்க மானியும் சாரதியின் கண்முன் இருத்தல் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் இயந்திரத்தின் அமுக்க வலிமையைச் சோதிப்பது முதற் கடமை. எண்ணெய் குடிக்கும் இயந்திரத்தின் கரி, தகடுகளில் படிந்து அவற்றை அசையாமற் செய்துவிடும். மூடிய நிலையில் தகடுகள் இறுகினால் சில்லு அளவுகடந்து சுழன்று சிதறவும் கூடும். எனவே கட்டுப்படுத்தும் கருவி செயலிழக்கும்போது தகடுகள் தாமே விரியும்படி அமைப்பது அறிவுடைமை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய டர்போசார்ஜரை வாங்குவோர், அச்சைக் கையால் அசைத்து அதன் ஆட்டத்தைப் பார்த்தே வாங்குதல் நன்று. எண்ணெய் உட்செல்லும் குழாய் தூய்மையாகவும், திரும்பும் குழாய் நேராகக் கீழ்நோக்கியும் இருத்தல் வேண்டும். நீண்ட ஏற்றத்தின் பின் இயந்திரத்தை உடனே நிறுத்தாது ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட வேண்டும். இல்லையேல் சூடேறிய அச்சில் எண்ணெய் கருகிவிடும்.

அச்சின் அடைப்பு பழுதுற்றால், கசியும் எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு இயந்திரம் தறிகெட்டு ஓடுவதும் உண்டு. அப்போது சாவியைத் திருப்பினாலும் அது நில்லாது. கையால் கியர் மாற்றும் வண்டியானால், தடையை உறுதியாக மிதித்து, மேல் கியரில் இட்டு, கிளச்சை விடுவித்து இயந்திரத்தைத் திணறடித்து நிறுத்த வேண்டும். இதனை முன்னரே அறிந்திருப்பவரே அந்த நேரத்தில் செய்வார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஏறுவதற்கு வலு பெற்ற வண்டி, பழைய தடைகளோடுதான் இறங்கப் போகிறது. 2023 ஜனவரியில் நானுஓயாவை அடுத்த ரதெல்லைப் பாதையில் 7 உயிர்கள் பலியான விபத்தை மலைநாடு மறந்துவிடவில்லை. தடைகளையும் சில்லுகளையும் செப்பனிட்ட பின்னரே டர்போசார்ஜருக்குப் பணம் செலவிடுதல் முறை. எந்தக் கியரில் ஏற வேண்டியிருந்ததோ அதற்கு மேற்பட்ட கியரில் இறங்காதிருத்தல் மலைச் சாரதிகளின் பழைய விதி. ஏறுவது எளிதான பின், ஏறிய கியரினும் ஒரு படி தாழ்ந்த கியரில் இறங்குவதே காப்பாகும்.

மலை எடுத்துக்கொண்டதைத் திரும்பப் பெறுவது நியாயம். அதற்கு மேல் கேட்டால் பழைய இயந்திரம் கொடுக்கத்தான் செய்யும். ஆனால் நெடுநாள் கொடாது.