கவுதாரிக்கு ஏது வேட்டைப் பருவம்?

தாம்பரத்தைச் சுற்றி, மாடம்பாக்கம் தொடங்கி நன்மங்கலம் வரை மிச்சமிருக்கும் முட்புதரும் ஏரிக்கரைப் பொட்டலும் கவுதாரிக்கு ஏற்ற நிலம். அதைப் பிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. பழக்கிய கவுதாரியைக் கூண்டோடு புதரோரம் வைத்துச் சுற்றிலும் கண்ணி வைப்பார்கள். கூண்டுப் பறவை கத்தியதும், தன் இடத்தில் இன்னொன்று புகுந்துவிட்டதென்று அங்குள்ள சேவல் சண்டைக்கு ஓடிவந்து காலை மாட்டிக்கொள்ளும். இடம் பிடித்து இணை சேர்ந்த பறவைதான் இப்படி முதலில் போகிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் கண்ணி வைப்பதும் வேட்டை, கூட்டைக் கலைப்பதும் வேட்டை. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு கவுதாரிக்கு இவ்வளவா, குஞ்சு பொரிக்கும் மாதங்களில் மட்டும் தடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு.

அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், அரசு அறிவிக்கும் மாதங்களில் மட்டுமே பறவை வேட்டையைத் தடுத்தது. 1972இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் உரிமம் பெற்றவர்களை அனுமதித்தது. 1991 திருத்தம்தான் கதவைச் சாத்தியது. உயிரியல்படி அதுவே சரி. வசந்தத்தில் முட்டையிட்டு, இலையுதிர் காலத்துக்குள் குஞ்சு வளர்ந்துவிடும் குளிர்நாடுகளுக்கு வேட்டைப் பருவம் பொருந்தும். செங்கல்பட்டு ஏரிகளை நிரப்புவது வடகிழக்குப் பருவமழை. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வடக்கிலிருந்து வந்திறங்கும் மாதங்களில்தான் வேடந்தாங்கலில் நாரைகள் கூடு கட்டுகின்றன. வாத்தைக் குறிவைத்த வெடிச்சத்தத்தில் நாரையும் எழுந்து பறக்கும்; முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும் போகும். கவுதாரி கோடையில் அதிகம் முட்டையிடும். ஆனாலும் அதன் கூடு ஏறக்குறைய எல்லா மாதங்களிலும் காணக்கிடைப்பது. கூடென்றால் தரையில் ஒரு சிறு பள்ளம், அதில் ஆறேழு முட்டை. எந்த மாதத்தைத் திறந்துவிடுவது? இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்பே, பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த வேடந்தாங்கல் மக்கள், 1798லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுச் சிப்பாய்களின் துப்பாக்கிக்குத் தடை வாங்கினார்கள்.

அமெரிக்காவில் 1934 முதல் வாத்து வேட்டைக்காரர்கள் வாங்கும் ஸ்டாம்ப் பணத்தில் சதுப்பு நிலங்களைக் காக்கிறார்களே என்பது நியாயமான வாதம். அங்கே ஆண்டுதோறும் வாத்துகளைக் கணக்கெடுத்துத்தான் இத்தனை சுடலாம் என்று முடிவு செய்கிறார்கள். கவுதாரியை ஏரிவாரியாக எண்ணும் ஏற்பாடு நம்மிடம் இல்லாதபோது அளவு என்பது வெறும் பேச்சு. பறவை பிடித்துப் பிழைத்தவர்களுக்கு மாற்றுத் தொழில் தர வேண்டியது அரசின் கடன். அதைத் தட்டிக்கழித்துவிட்டுக் கண்ணிக்காரரை மட்டும் தண்டிப்பது அநீதிதான். கறி வேண்டுவோருக்கோ, ஐந்தாறு வாரத்தில் வளரும் பண்ணைக் காடை கடையிலேயே இருக்கிறது. கண்ணியைவிட வீட்டுமனைகள்தான் கவுதாரியை அழிக்கின்றன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இது தரையில் ஓடித் திரியும் பறவை, நெடுந்தூரம் பறக்காது. நாலு பக்கமும் சாலை சூழ்ந்த புதர்த்திட்டில் இரண்டு ஜோடி போய்விட்டால், அந்த இடத்துக்கு வேறு கவுதாரி வந்து சேருவது அரிது. புதரைக் காக்காத தடை பாதித் தடைதான். அந்தப் பாதியையும் நாம் விட்டுவிடக் கூடாது. காட்டுக் கவுதாரி என்று சொல்லி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.