ஏஜென்ட் தந்த விசாவைப் படித்தீர்களா?

"விசிட் விசாவுல போய் இறங்குங்க, அப்புறம் மாத்திக்கலாம்." வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் இப்படிச் சொன்னால் பேச்சை அதோடு முடித்துக்கொள்வது நல்லது. விசிட் விசாவில் வேலை பார்ப்பது வளைகுடா நாடுகளில் குற்றம். சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், முதலில் மாட்டிக்கொள்வது போனவர்தான்.

வேலை விசா என்றாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குவைத்தில் 18-ஆம் எண் விசா நிறுவன வேலைக்கானது. 20-ஆம் எண் வீட்டு வேலைக்கானது. கம்பெனி வேலை என்று நம்பி 20-ஆம் எண்ணில் போய், பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்க விடப்பட்டவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்களிலும் உண்டு. விசாவில் தொழில் அரபியில் அச்சாகியிருக்கும். ஏஜென்ட் சொல்லும் அர்த்தத்தை நம்பாமல், ஊர்ப் பள்ளிவாசலில் அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவருடைய பதிவு எண் உயிரோடு இருக்கிறதா, காலாவதியா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஊருக்குள் வந்து பாஸ்போர்ட் வாங்கிப் போகும் 'சப்-ஏஜென்ட்' என்பவருக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவர், அதுவும் ரொக்கமாகக் கேட்பவர், ஏன் ரசீது தருவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் 'ஈசிஆர்' வகை. வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை. அலைச்சல்தான். ஆனால் அந்த அனுமதியோடுதான் ஒப்பந்தம் பதிவாகிறது, 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுக்கு பிரீமியம் 275 ரூபாய். விசிட் விசாவில் நழுவிப் போகிறவர் இழப்பது இதையெல்லாம்தான்.

படித்தவர்களுக்கு இந்தத் தடுப்பு இல்லை. அதனால்தானோ என்னவோ, புதிய வலை அவர்களுக்கு விரிக்கப்படுகிறது. தாய்லாந்தில் 'டேட்டா என்ட்ரி' வேலை என்பார்கள். பாங்காக்கில் இறங்கியவரை தாய்லாந்து எல்லை நகரமான மே சோட் வழியாக ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடி பக்கம் கொண்டுபோய், இணைய மோசடி செய்ய வைப்பார்கள். 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து மீட்டு வந்தன. பெரிய சம்பளம், வாட்ஸ்அப்பில் மட்டும் இன்டர்வியூ, டூரிஸ்ட்டாகப் பயணம்: மூன்றும் சேர்ந்து வந்தால் அது வேலை இல்லை.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி உண்டு. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். அது இந்திய அரசின் சொத்து. தூதரகத்துக்குப் போனால் ஊர் திரும்ப அவசரப் பயண ஆவணம் கேட்கலாம். கையில் காசில்லாதவருக்கு உதவ ஒவ்வொரு தூதரகத்திலும் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தார் இங்கிருந்தே புகார் பதியலாம். ஏஜென்ட் மீது உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அப்போது பேசப்போவது ரசீதும், வங்கிப் பரிமாற்றமும், அழிக்காமல் வைத்த வாட்ஸ்அப் செய்திகளும்தான்.

கிளம்புமுன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சந்தேகம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே மத்திய அரசின் 1800 11 3090, தமிழ்நாட்டு அயலகத் தமிழர் நல ஆணையரகத்தின் 1800 309 3793 ஆகிய கட்டணமில்லா எண்களில் கேளுங்கள்.