கார்லோ அஞ்செலோட்டி: ஆளைப் பார்த்து ஆட்டம் வகுத்தவர்

கால்பந்தாட்டம் பார்க்கிறவர்களின் கண் பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே ஓடுவதால், கோல் போட்டவனும் கோலைத் தடுத்தவனும் அடைகிற பிரசித்தியை, இவ்விருவருக்கும் நடுவே நின்று, எதிரியின் பந்தைப் பறித்து, பறித்ததை யாருக்கு எப்போது கொடுப்பது என்று கணப்பொழுதில் தீர்மானித்து, கொடுத்த பிறகு வெற்றிடமாய்க் கிடக்கும் இடத்தை அடைக்க மறுபடியும் ஓடுகிற நடுக்கள ஆட்டக்காரன் அடைவது அபூர்வம். முன்னால் நிற்பவனுக்கு எதிரியின் கோல் ஒன்றே குறி; பின்னால் நிற்பவனுக்குத் தன் கோல் ஒன்றே கவலை; நடுவில் நிற்பவனுக்கோ இரண்டும் உண்டு, அதோடு மற்ற இருபத்தொரு பேரும் எங்கெங்கே நிற்கிறார்கள் என்ற பிரக்ஞையும் வேண்டும். பெப் கார்டியோலா, தீதியே தெஷாம், தியேகோ சிமியோனே முதலிய பெரிய பயிற்சியாளர்கள் இந்த ஸ்தானத்தில் ஆடியவர்களாக இருப்பது தற்செயல் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்களுள்ளும் இத்தாலி தேசத்துக் கார்லோ அஞ்செலோட்டியின் சரித்திரம் விசேஷமானது. ஏனென்றால், பயிற்சியாளராக அவர் பெற்ற பெருமைக்கெல்லாம் மூலம், ஆரம்பத்தில் அவர் செய்த இரண்டு பிழைகளில் இருக்கிறது.

வட இத்தாலியில் ரெஜ்ஜோலோ என்னும் சிற்றூரில், பால்மாடுகளை நம்பி வாழ்ந்த குடியானவர் வீட்டில் 1959-இல் பிறந்த அஞ்செலோட்டி, பார்மா அணியில் ஆடத் தொடங்கி, 1979-இல் ரோமாவுக்குப் போய், பிரேசில் நாட்டு ஃபால்காவோவோடு சேர்ந்து நடுக்களத்தைத் தாங்கி, 1983-இல் அந்த அணி நாற்பத்தோராண்டுக் காத்திருப்புக்குப் பின் இத்தாலியச் சாம்பியனானதில் பங்கு பெற்றார். ஆனால் முழங்கால்கள் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை பலத்த காயம். 1984-இல் ரோமா சொந்த மைதானத்திலேயே லிவர்பூலை எதிர்த்து ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தை ஆடித் தோற்ற இரவில், அவரால் களமிறங்க இயலவில்லை.

அந்த முழங்கால்களைப் பற்றிய சந்தேகங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு 1987-இல் அவரை மிலானுக்கு அழைத்துக்கொண்டவர் அர்ரிகோ சாக்கி. காலணி வியாபாரம் செய்தவரும், பெரிய அணி எதிலும் ஆடியறியாதவருமான இந்த மனிதர், பந்தே இல்லாமல் பதினொருவரையும் மைதானத்தில் நிறுத்தி, பந்து இன்ன இடத்தில் இருப்பதாகப் பாவித்துக்கொள்ளச் சொல்லி, அதற்கேற்ப எல்லோரும் ஒரே சமயத்தில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரும்படி பழக்கினார். வேடிக்கை பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். 1989 ஏப்ரலில் அதே பதினொருவர் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று தோற்கடித்தபோது, முதல் கோலை வெகு தூரத்திலிருந்து அடித்தவர் அஞ்செலோட்டி. அந்த ஆண்டும் மறு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை மிலானுக்கே வந்தது. 1992-இல் ஆட்டத்தை விட்டவர், இத்தாலிய தேசிய அணியில் சாக்கிக்கு உதவியாளராகி, 1994 உலகக் கோப்பையின் இறுதியில் பிரேசிலிடம் பெனால்டிகளில் தோற்றதைக் களத்துக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தார்.

தாமே பயிற்சியாளரானபோது குருவின் சித்தாந்தத்தை அவர் வேதம்போல் பற்றிக்கொண்டது ஆச்சரியமல்ல. தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்னால் இருவர் என்ற 4-4-2 அமைப்புத்தான் அது. இந்த அமைப்பில், முன்னணியினருக்குச் சற்றுப் பின்னால் சுதந்திரமாக உலவி, ஒரே தொடுதலில் ஆட்டத்தின் போக்கை மாற்றும் கலைஞனுக்கு, அதாவது இத்தாலியர் ‘பத்தாம் எண்’ என்று போற்றும் ஆட்டக்காரனுக்கு, இடமே இல்லை. 1996-இல் பார்மாவின் பொறுப்பை ஏற்ற அஞ்செலோட்டி, ஜான்ஃபிராங்கோ ஸோலாவை இடது ஓரத்துக்குத் தள்ள, ஓரத்தில் மனம் ஒட்டாத ஸோலா இங்கிலாந்தின் செல்சீக்குப் போய், அங்கே ரசிகர்களின் கண்மணியானார். மறு ஆண்டு ராபர்ட்டோ பாஜ்ஜோவே பார்மாவுக்கு வர இருந்தார். தமக்குப் பிரியமான இடத்தில் ஆட வேண்டும் என்று அவர் கேட்டதால், அஞ்செலோட்டி வேண்டாமென்றார். பொலோஞாவுக்குப் போன பாஜ்ஜோ அந்தப் பருவத்தில் லீகில் 22 கோல் போட்டார். முந்தின ஆண்டு இரண்டாமிடத்தில் இருந்த பார்மா கீழே இறங்கியது. அப்போது தாம் செய்தது தவறு என்று பின்னாளில் அஞ்செலோட்டியே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இந்தத் தொழிலில் அப்படிச் சொல்பவர்கள் அதிகம் பேர் இல்லை.

அதன் பிறகு வந்தது யுவெண்டஸ். அங்கே பத்தாம் எண் வகைக் கலைஞரான ஸினடின் ஸிடான் இருந்தார். ஸிடானை ஓரத்துக்குத் தள்ளத் துணிபவர் யார்? முதல்முறையாக அமைப்பு மனிதனுக்கு வளைந்து கொடுத்தது. எனினும் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2000 மே மாதத்தில், பருவத்தின் கடைசி நாளன்று, பெருஜியா மைதானம் மழையில் குளமாகி, நடுவர் கொல்லினா ஆட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்து, பிறகு அந்த ஈரத்திலேயே நடத்தி முடிக்க, யுவெண்டஸ் ஒரு கோலில் தோற்றுச் சாம்பியன் பட்டத்தை லாட்ஸியோவிடம் பறிகொடுத்தது. அடுத்த ஆண்டும் இரண்டாமிடமே, வேலையும் போயிற்று.

2001-இல் மிலானுக்குத் திரும்பியபோதுதான் பாடம் முழுமையாகப் பலித்தது. ஆந்திரேயா பிர்லோ பத்தாம் எண்ணாக வளர்ந்தவர். ஆனால் கால்வேகம் இல்லாதவரை அங்கே எதிரிகள் மூச்சுவிட விடமாட்டார்கள். பிரெஷ்ஷா அணியில் ஒருதரம் பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருந்த யுக்தியை அஞ்செலோட்டி நிலையாக்கி, பிர்லோவைத் தடுப்பு வரிசைக்குச் சற்று முன்னால், கூட்டத்துக்கு வெளியே நிறுத்தினார். எதிரியைத் தடுக்கும் முரடர்களுக்கென்று இருந்த இடத்தில், தலையை நிமிர்த்தி மைதானம் முழுவதையும் நோக்கி, நாற்பது கஜ தூரத்துக்குப் பந்தை நிதானமாக அனுப்பும் ஒருவர் வந்து நின்றார். அவர் பக்கத்தில் ஓடி உழைக்க கட்டூஸோ. இன்னொரு புறம் ஸீடோர்ஃப். முன்னே முதலில் ருயி கோஸ்டா, பிற்பாடு காக்கா. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மேலே போகப் போகக் குறுகும் இந்த வரிசைக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்றே பெயர். 2003-இல், தம்மை அனுப்பிவைத்த யுவெண்டஸையே இறுதியில் வென்று அவர் ஐரோப்பியக் கோப்பையை, அப்போதைய பெயரில் சாம்பியன்ஸ் லீகை, பெற்றார். 2005-இல் இஸ்தான்புல்லில் லிவர்பூலுக்கு எதிராக இடைவேளையில் 3-0 என்று முன்னணியில் இருந்த அணி, ஆறே நிமிஷங்களில் மூன்று கோல் வாங்கி, பெனால்டிகளில் தோற்றது. இப்படிப்பட்ட தோல்விக்குப் பின் அணியைக் கலைத்து, அமைப்பை மாற்றுகிறவர்கள் உண்டு, அஞ்செலோட்டி கலைக்கவில்லை. 2007-இல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என்று வென்றார்.

பிறகு தேசாந்தரம். 2010-இல் செல்சீக்கு லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்று கொடுத்தவரை, மறு ஆண்டு கடைசி ஆட்டம் முடிந்த கையோடு எவர்ட்டன் மைதானத்திலேயே வேலையிலிருந்து நீக்கினார்கள். எட்டாண்டு கழித்து அதே எவர்ட்டனுக்கு அவர் பயிற்சியாளராகப் போனார் என்பது அவருடைய சுபாவத்துக்கு நல்ல சாட்சி. பாரிஸ், மாட்ரிட், ம்யூனிக் என்று சுற்றி, ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீகுகளிலும் பட்டம் வென்ற முதல் பயிற்சியாளர் என்ற கீர்த்தியை 2022-இல் அடைந்தார்.

அவருக்கென்று ஒரு கொள்கை இல்லை என்பார்கள். கார்டியோலாவின் அணியைச் சட்டை நிறம் தெரியாவிட்டாலும் ஆட்டத்தைக் கொண்டே கண்டுகொள்ளலாம். அஞ்செலோட்டியின் அணியை அப்படிக் கண்டுகொள்ள முடியாது. இந்தக் குறை மெய்யே. ஆட்கள் மனம் சேராத இடத்தில் அவருடைய வழி பலிக்கவில்லை: ம்யூனிக் 2017-இல் அவரை விலக்கியது, நேப்பிள்ஸ் அணி 2019-இல் 4-0 என்று வென்ற அதே இரவில் அனுப்பிவிட்டது.

ஆனால் மாட்ரிட்டைப் பாருங்கள். ஓரத்தில் ஓடிய தி மரியாவை நடுக்களத்துக்குக் கொண்டுவந்து 2014-இல் ஐரோப்பியக் கோப்பை. 2022-இல் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான அரையிறுதி கூடுதல் நேரத்துக்குப் போனபோது, யாரை இறக்குவது என்று களத்துக்கு வெளியே இருந்த ஆட்டக்காரர்களான குரோஸையும் மார்செலோவையும் கூட வைத்துக்கொண்டு கலந்தாலோசித்தார். தலைமை ஸ்தானத்துக்கு அதில் குறைவு ஏற்படுவதாக அவர் நினைக்கவில்லை. 2023-இல் பென்ஸிமா போன பின் கோலடிக்க ஆளில்லாதபோது, நடுக்கள இளைஞர் ஜூட் பெல்லிங்ஹாமை முன்னே நகர்த்த, அவர் லீகில் 19 கோல் போட்டார். பருவ முடிவில் பயிற்சியாளராக அஞ்செலோட்டியின் ஐந்தாவது ஐரோப்பியக் கோப்பை வந்து சேர்ந்தது.

2025-இல் பிரேசில், அந்நியரைப் பயிற்சியாளராக வைப்பது மிக அரிதான பிரேசில், அவரை அழைத்தது. தேசிய அணிக்காரர்கள் வருஷத்தில் சில வாரங்களே கைக்குக் கிடைப்பார்கள். புதிய அமைப்பு எதையும் ஆற அமரப் புகட்ட அவகாசம் இராது. வினீசியஸும் ரொட்ரிகோவும் மாட்ரிட்டில் அவரிடம் நான்கு ஆண்டுகள் ஆடியவர்கள். யாரை எங்கே நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்பது அந்த இருவர் விஷயத்திலாவது அவருக்கு முன்பே தெரியும்.