சின்ன மடிக்கணினி யார் வீட்டுக்கு?

சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் அண்மையில் மடிக்கணினி அறிமுகக் கூட்டம் ஒன்று நடந்தது. பத்திரிகையாளர்களோடு நாமும் போயிருந்தோம். நோட்டுப் புத்தக அளவே உள்ள சிறிய கருவி. ‘ஏழை மாணவருக்கும் எட்டும் விலை’ என்று மேடைப் பதாகையில் எழுதியிருந்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரைச் சீருடையோடு அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். படம் பிடிக்கும்போது கருவி அவர்கள் கைக்கு வந்தது; படம் பிடித்து முடித்ததும் திரும்பிப் போய்விட்டது.

நாம் இரண்டு கேள்விகள் கேட்டோம். விசைப்பலகையில் தமிழ் எழுத்து உண்டா? பழுதானால் ஆம்பூரில் யார் பார்ப்பார்கள்? முதல் கேள்விக்கு, “ஆப் இறக்கிக்கலாம் சார்” என்றார் விற்பனை மேலாளர். இரண்டாவதற்குச் சென்னைத் தொலைபேசி எண் ஒன்றைத் தந்தார். மாதத் தவணைக்கு வங்கியில் கடன் வரலாறு வேண்டுமாம். குழுக் கடனில் வாரம் தவறாமல் கட்டிவரும் ஷூ கம்பெனிப் பெண்களுக்கு அந்த வரலாறு போதுமா என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

இப்படிப்பட்ட மேடைகள் நமக்குப் புதியவை அல்ல. 2005 நவம்பரில் துனிஸ் நகரில் நடந்த ஐ.நா. தகவல் சமூக மாநாட்டில் நிக்கோலஸ் நெக்ரோபான்டே ‘100 டாலர் மடிக்கணினி’யைக் காட்டினார். மின்சாரம் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்காக அதில் ஒரு கைப்பிடி இருந்தது. கோஃபி அன்னான் அதைச் சுற்றிப் பார்த்தபோது கையோடு கழன்று வந்துவிட்டது. உற்பத்திக்கு வந்தபோது விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருந்தது. இந்தியா 2006-லேயே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதைவிட மலிவாக நாமே செய்வோம் என்று இறங்கியது.

அதன் விளைவு 2009 பிப்ரவரி 3 அன்று திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் மேடை ஏறியது. மத்திய மனிதவள அமைச்சர் அர்ஜுன் சிங் வந்திருந்தார். ‘500 ரூபாய் மடிக்கணினி’ என்று நாடெங்கும் செய்தி. அதை உருவாக்கியவர்கள் வரிசையில் இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐஐடி ஆகியவற்றோடு பாலாற்றுக்கு அக்கரையில் உள்ள வேலூர் விஐடியின் பெயரும் அடிபட்டதால் நம் மாவட்டத்தில் கூடுதல் பரபரப்பு. 500 ரூபாய் என்றால் ஆம்பூரில் தைத்து வெளிநாட்டுக்குப் போகும் ஒரு ஜோடி ஷூவின் கடை விலையைவிடக் குறைவு. ஆனால் மேடையில் காட்டியது ஒரு சிறு பெட்டி. அதற்குத் திரை கிடையாது. பாடங்களைச் சேமித்து வைக்கலாம். படிப்பதற்கு இன்னொரு கணினி வேண்டும். விலையும் 20, 30 டாலர் ஆகும் என்றார்கள் அதிகாரிகள்.

பிறகு 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் கபில் சிபல் ‘ஆகாஷ்’ கைக்கணினியை வெளியிட்டார். 7 அங்குலத் திரை, 256 எம்பி நினைவகம். தொட்டால் உடனே அசையாத திரை, சீக்கிரம் தீரும் பேட்டரி என்று புகார்கள் வந்தன. சில ஆண்டுகளில் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது.

அதே 2011-ல், ஆகாஷுக்கு மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அந்தக் கருவி சின்னதும் அல்ல, மலிவானதும் அல்ல. சந்தையில் விற்கும் முழு மடிக்கணினி. விண்டோசும் பாஸ் லினக்சும் ஏற்றியது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் சேர்ந்து 50 லட்சத்துக்கும் மேல் போனது. நம் காலனிகளில் இன்றும் அதற்கு ‘அம்மா லேப்டாப்பு’ என்றுதான் பெயர். அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நிற்பார், அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பார், பீரோவில் புடவைகளுக்கு நடுவே அந்தக் கருவி இருக்கும். விற்றுத் தின்றுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. விற்றவர்கள் இருக்கிறார்கள், கல்லூரிக் கட்டணத்துக்காக விற்றவர்களை நமக்கே தெரியும். நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தால் தியாகம் என்பவர்கள், லேப்டாப்பை விற்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

கைபேசி இருக்கிறதே, மடிக்கணினி எதற்கு என்று கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டதால், நம்மவர் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சி கைபேசியில் பதிவாகிப் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. கைபேசிக்கு அந்த வலிமை உண்டு. ஆனால் அப்படிப் படம் ஆகாத பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு மனுதான் வழி: புல எண், வரைபடம், முந்தைய மனுவின் பதிவு எண், ஆணையின் நகல் என்று பக்கம் பக்கமாக அடிக்க வேண்டும்.

திங்கள்கிழமைகளில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே பாருங்கள். காசு கொடுத்து மனு எழுதி வாங்கும் கூட்டத்தில் நம் தாய்மார்கள் எத்தனை பேர். பட்டா, சாதிச் சான்று, சுடுகாட்டுப் பாதை, எல்லாம் வேறு ஒருவர் வார்த்தையில் உள்ளே போகின்றன. நடந்ததை விட்டுவிட்டு ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ மட்டும் மிஞ்சிய மனுக்களை நாம் நிறையப் படித்திருக்கிறோம். வீட்டில் விசைப்பலகை இருந்து, தமிழ்99 பழகிய ஒரு பிள்ளையும் இருந்தால், யார் வழியை அடைத்தது, என்றைக்கு, யாரிடம் சொன்னோம் என்பதெல்லாம் தாளில் ஏறும்.

2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் பழைய திட்டம் பள்ளியிலேயே கையில் கொடுத்தது. புதியது கல்லூரி வாசலைத் தாண்டியவருக்கே. பிளஸ் டூ முடித்த கையோடு ஷூ கம்பெனி வண்டி ஏறும் பெண் இந்தக் கணக்கில் வரவில்லை. நம் பகுதியில் அப்படி ஏறுபவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

வரும் திங்கள்கிழமை ஆட்சியரிடம் ஒரு மனு கொடுக்கப் போகிறோம். பிளஸ் ஒன்னிலேயே மடிக்கணினி. சமூகநீதி விடுதி என்று பெயர் மாறிய விடுதிகளில் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பழுது நீக்கும் மையம். பேரணாம்பட்டுப் பெண் ஒருத்தி, ஷூ கம்பெனி ஷிப்ட் முடித்து வந்து, தன் பள்ளிக்கால அரசு லேப்டாப்பில் அதை அடித்துத் தந்திருக்கிறாள். பேட்டரி போய் இரண்டு வருடம் ஆகிறது. வயரைச் சொருகியே வைத்து, கரண்ட் போவதற்குள் அடித்து முடித்ததாகச் சொன்னாள்.